எக்செல் தேதிகளைப் புள்ளியியல் மென்பொருளுக்குப் பிழையின்றிக் கொண்டுசெல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தரவை ஏற்றும்போது சாதாரண எண்ணில் நேரும் தவறு பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். 45 கிலோ எடையுள்ள நோயாளி 450 கிலோ என்று பதிவாகியிருந்தால், வரைபடத்தில் அந்தப் புள்ளி தனியே போய் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தேதியில் நேரும் தவறு அவ்வாறு வெளிப்படுவதில்லை. ஏப்ரல் 8 என்பது ஆகஸ்ட் 4 என்று மாறிப்போனாலும் ஆகஸ்ட் 4 என்பதும் முறையான ஒரு தேதிதான் என்பதால், மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டு, சிகிச்சை பெற்ற நாட்களையும் நோயாளியின் வயதையும் மாதவாரியான வருகையையும் எந்தத் தயக்கமுமின்றிக் கணக்கிட்டுத் தந்துவிடும். எனவே தேதிகளை ஏற்றுவதையும், ஏற்றிய தேதிகள் சரியானவைதாம் என்று உறுதிசெய்வதையும் இரண்டு தனி வேலைகளாகக் கொள்ள வேண்டும். முதலாவதை மென்பொருள் செய்யும், இரண்டாவதை நாம்தான் செய்தாக வேண்டும்.

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா வட்டாரங்களில் மருத்துவ முகாம்களின் பதிவேடுகளை எக்செல்லில் ஏற்றும் தமிழ்க் களப்பணியாளர்களையும், அந்தக் கோப்புகளைப் பெற்று ஆய்வேடு எழுதும் மாணவர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே ஒரு கோப்பு பகுப்பாய்வாளரிடம் வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறிவிடுகிறது. ஒருவர் 8.4.24 என்று புள்ளி வைத்து எழுதுவார். அடுத்தவர் 08/04/2024 என்று சாய்கோடு போடுவார். பழைய பதிவேட்டிலிருந்து எடுத்த பகுதி மராத்தி எண்களில் இருக்கும். இவற்றை ஏற்றிய கணினிகளில் ஒன்று இந்திய முறையிலும் மற்றொன்று அமெரிக்க முறையிலும் தேதியைப் படிக்கும்படி அமைந்திருக்கும்.

கட்டத்துக்குள் இருப்பது என்ன

எக்செல்லில் தேதி என்று தெரியும் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது ஓர் எண். 1900 ஜனவரி 1ஐ 1 என்று கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே வருவதுதான் அதன் கணக்கு. 2024 ஏப்ரல் 8 என்பது 45390. அந்த எண்ணுக்கு 08-04-2024 என்றோ 8-ஏப்-24 என்றோ நாம் பார்ப்பது மேலே போர்த்திய உடை மட்டுமே. உடையை மாற்றினால் உள்ளே இருக்கும் எண் மாறாது. நேரம் அந்த எண்ணின் பின்னப் பகுதியில் இருக்கிறது. நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. ஆகவே ஏப்ரல் 8 காலை 9.30 என்பது 45390.3958333 என்று நீளும்.

புள்ளியியல் மென்பொருள்களும் இதே போல எண்ணாகத்தான் தேதியை வைத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஆர் 1970 ஜனவரி 1லிருந்து நாட்களை எண்ணுவதால் அதே ஏப்ரல் 8 அங்கே 19821 ஆகிறது. ஸ்டேட்டாவும் எஸ்ஏஎஸ்ஸும் 1960 ஜனவரி 1லிருந்து எண்ணுவதால் 23474 ஆகிறது. எஸ்பிஎஸ்எஸ் கிரெகோரியன் நாட்காட்டி தொடங்கிய காலத்துக்கே போய், 1582 அக்டோபர் 14லிருந்து நாட்களுக்குப் பதிலாக நொடிகளை எண்ணுகிறது. அங்கே இந்தத் தேதி 13931913600 என்று தெரியும். இறக்குமதிக்குப் பிறகு இப்படிப்பட்ட எண் ஒன்று நெடுவரிசையில் நின்றால் பதற வேண்டியதில்லை. எக்செல் எண்ணிலிருந்து 25569ஐக் கழித்தால் ஆரின் நாள் எண் கிடைக்கும், 21916ஐக் கழித்தால் ஸ்டேட்டா, எஸ்ஏஎஸ் எண் கிடைக்கும், 115859ஐக் கூட்டி 86400ஆல் பெருக்கினால் எஸ்பிஎஸ்எஸ் எண் கிடைக்கும்.

தொடக்க நாளைக் கையால் கொடுக்கும்போது மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. எக்செல் எண்ணை ஆரிலோ, பைத்தான் மொழியின் தரவுத் தொகுப்பான பாண்டாஸிலோ தேதியாக்க, தொடக்க நாளாக 1899 டிசம்பர் 30ஐக் கொடுக்க வேண்டும். 1 என்பது 1900 ஜனவரி 1 என்றால் தொடக்கம் டிசம்பர் 31ஆகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனால் அக்காலத்தில் செல்வாக்கோடு இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கொண்டிருந்தது, அதனோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் இல்லாத 1900 பிப்ரவரி 29க்கு 60 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டது. அதற்குப் பின்வரும் எல்லாத் தேதிகளும் ஒரு நாள் கூடுதலாக எண்ணப்பட்டிருப்பதால், தொடக்கத்தை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி ஈடுசெய்கிறோம்.

மேக் கணினியில் உருவான பழைய கோப்புகளில் 1904 ஜனவரி 1ஐச் சுழியாகக் கொண்ட இன்னொரு கணக்கு இருக்கக்கூடும். இரண்டுக்கும் வேறுபாடு 1462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும். அத்தகைய கோப்பில் 2024 ஏப்ரல் 8 என்பது 43928 என்று பதிந்திருக்கும். அதை வழக்கமான கணக்கில் படித்தால் 2020 ஏப்ரல் 7 என்று வரும். கோப்பை முழுதாகப் படிக்கும் தொகுப்புகள் இந்த அமைப்பையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். எண்களை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டும்போதுதான் ஆபத்து.

முதல் படி: மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

வந்த கோப்பை வந்தபடியே ஒரு தனி அடைவில் வைத்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். திருத்தங்கள் அனைத்தும் நிரலில் நடக்கட்டும்; எக்செல்லில் கையால் செய்த திருத்தத்துக்குத் தடயம் இருக்காது. கோப்பு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) வடிவில் வந்திருந்தால் அதை இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறந்து சேமிக்கவே கூடாது, ஏனெனில் திறந்த கணமே அந்தக் கணினியின் வட்டார அமைப்புப்படி தேதிகள் மாற்றப்பட்டுவிடும்.

தேதி அல்லாதவையும் இந்த மாற்றத்தில் சிக்கும். வயதுப் பிரிவு என்ற நெடுவரிசையில் 5-9 என்று தட்டச்சு செய்தால், இந்திய அமைப்புள்ள எக்செல் அதைச் செப்டம்பர் 5 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றினாலும் 5-9 திரும்பி வராது, 2024இல் தட்டியதாக இருந்தால் 45540 என்ற எண்தான் வரும். மரபணு ஆய்வில் இந்தத் தொல்லை முற்றி, மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போல எழுதப்பட்டுவந்த மரபணுக் குறியீடுகளையே 2020 வாக்கில் பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. தட்டச்சு தொடங்கும் முன்பே அத்தகைய நெடுவரிசையை உரை என்று அமைத்துவிடுவதே இதற்கு வழி.

இரண்டாம் படி: எது எண், எது உரை என்று பிரித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். நாள்/மாதம்/ஆண்டு என்ற முறையில் எழுதிய சிஎஸ்வி கோப்பு ஒன்று அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறக்கப்பட்டு, எக்செல் கோப்பாகச் சேமிக்கப்பட்டு உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 2024 ஏப்ரல் மாதத்துப் புறநோயாளிகள் மட்டுமே இருக்கிறார்கள். 01/04/2024 என்பதை அந்தக் கணினி மாதம் முதலாகப் படித்து ஜனவரி 4 என்று மாற்றியிருக்கும். 02/04/2024 பிப்ரவரி 4 ஆகியிருக்கும். இப்படியே 12/04/2024 டிசம்பர் 4 ஆகியிருக்கும். 04/04/2024 ஒன்று மட்டும் தற்செயலாகச் சரியாக இருக்கும். 13/04/2024 வந்ததும் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், எக்செல் அதை மாற்றாமல் உரையாகவே விட்டுவிடும். ஆக, மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள், 4ஆம் நாள் தவிர, தவறான தேதிகளாகவும், மீதிப் பதினெட்டு நாட்கள் சரியான உரைகளாகவும் ஒரே நெடுவரிசையில் கலந்து நிற்கும்.

இந்தக் கோப்பை அப்படியே தேதி என்று சொல்லி ஏற்றினால், உரையாக நின்ற பதினெட்டு நாட்களின் வரிசைகள் காலியாகிவிடும். தேதியாக மாறிய பன்னிரண்டு நாட்களின் வரிசைகள் உள்ளே வந்துவிடும். சரியானவை நீங்கி, தவறானவை தங்கும் என்பதுதான் இதன் கொடுமை. காலியானவற்றைத் தரவு இல்லை என்று விட்டுவிட்டுப் பகுப்பாய்வைத் தொடர்ந்தால், ஏப்ரல் மாதத்துக் கோப்பு ஆண்டு முழுவதும் பரவிய கோப்பாகிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. எக்செல்லில் சீரமைப்பை எதுவும் மாற்றாமல் பார்த்தால் எண்கள் கட்டத்தின் வலப்புறம் ஒட்டியும் உரைகள் இடப்புறம் ஒட்டியும் நிற்கும். கண்ணை மட்டும் நம்பாமல், பக்கத்து நெடுவரிசையில் இஸ்நம்பர் சார்பைப் போட்டு எத்தனை கட்டங்கள் எண், எத்தனை கட்டங்கள் உரை என்று எண்ணிவிடுங்கள். இரண்டும் கலந்திருந்தால், அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: உரையாக நிற்பவற்றில் 12க்கு மேற்பட்ட நாட்கள் மட்டுமே இருக்கின்றனவா? ஆம் என்றால், எண்ணாக நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். மூலப் பதிவேட்டின் சில வரிசைகளோடு ஒப்பிட்டு அதை உறுதி செய்துகொண்ட பின், எண்ணாக நிற்பவற்றில் மட்டும் நாளையும் மாதத்தையும் மாற்றி வைத்துத் தேதியை மறுபடி கட்ட வேண்டும். உரையாக நிற்பவற்றை நாள் முதலாகப் படிக்க வேண்டும்.

மூன்றாம் படி: வகையை ஊகிக்க விடாமல் நீங்களே சொல்லுங்கள்

ஆரில் ரீட்எக்ஸ்எல் தொகுப்பு, எதுவும் சொல்லாவிட்டால் முதல் 1000 வரிசைகளைப் பார்த்து ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் ஊகிக்கிறது. மரணத் தேதி, மறுவருகைத் தேதி போன்றவை முதல் 1000 வரிசைகளில் காலியாகவே இருக்கக்கூடும் என்பதால் ஊகம் தவறிவிடும். சந்தேகமுள்ள தேதி நெடுவரிசையை உரை என்று சொல்லிப் படிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அப்போது எண்ணாக இருந்தவை 45390 என்று ஐந்திலக்கமாகவும், உரையாக இருந்தவை 13/04/2024 என்று உள்ளபடியேயும் வரும். முந்தைய படியில் செய்த பிரிப்பை நிரலிலேயே செய்துவிடலாம். ஐந்திலக்கத்தை 1899 டிசம்பர் 30ஐத் தொடக்கமாகக் கொடுத்துத் தேதியாக்குங்கள், மற்றவற்றை லூப்ரிடேட் தொகுப்பின் டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) சார்பிடம் கொடுங்கள்.

பாண்டாஸில் நிலைமை சற்று வேறு. அங்கே தேதிக் கட்டங்கள் தேதிப் பொருளாகவும் உரைக் கட்டங்கள் உரையாகவும் ஒரே நெடுவரிசையில் கலந்து வரும் என்பதால், ஒவ்வொரு மதிப்பின் வகையையும் கேட்டுப் பிரிக்க வேண்டும். நாள் முதலில் என்பதைக் குறிக்கும் டேஃபர்ஸ்ட் அமைப்பு கண்டிப்பானதல்ல, முடிந்தவரை நாளை முதலில் கொள்ளும் ஒரு விருப்பம் மட்டுமே என்று அதன் ஆவணமே சொல்கிறது; எனவே வடிவத்தை முழுமையாக எழுதிக் கொடுங்கள். ஸ்டேட்டாவில் உரையைத் தேதியாக்கும்போது டிஎம்ஒய் என்ற வரிசையைத் தர வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஏடேட் என்பது அமெரிக்க முறை, ஈடேட் என்பது நாள் முதலான முறை. நமக்கு வேண்டியது ஈடேட். எஸ்ஏஎஸ்ஸில் எதையும் படிக்கும் எனிடிடிடிடிஈ வடிவம் அமைப்பைப் பொறுத்து முடிவெடுப்பதால், டிடிஎம்எம்ஒய்ஒய் வடிவமே பாதுகாப்பானது.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எக்செல் வழக்கமாக 00 முதல் 29 வரையுள்ளதை 2000களாகவும் 30 முதல் 99 வரையுள்ளதை 1900களாகவும் கொள்ளும். ஆரும் பைத்தானும் 68 வரை 2000களாகக் கொள்ளும். ஆகவே பிறந்த தேதி 12/6/45 என்றிருக்கும் முதியவர் எக்செல்லில் 1945இல் பிறந்தவராகவும், அதே உரையை ஆரில் படிக்கும்போது 2045இல் பிறக்கவிருப்பவராகவும் ஆகிறார். ஸ்டேட்டா இங்கே நல்ல வழக்கத்தைக் கொண்டிருக்கிறது: எந்த நூற்றாண்டு என்று நாம் சொல்லாவிட்டால் அது ஊகிக்காமல் காலியாக விட்டுவிடும். பிறந்த தேதிகளுக்கு, பதிவு செய்த தேதியைவிடப் பிந்தி வரும் ஆண்டுகள் அனைத்திலும் 100ஐக் கழிக்கும் விதியை நிரலில் எழுதிவிடுவது பெரும்பாலும் போதுமானது.

மராத்தி எண்களையும், ஏப்ரல், மே என்று தமிழிலோ மராத்தியிலோ எழுதிய மாதப் பெயர்களையும், மென்பொருளின் மொழி அமைப்பை நம்பாமல், ஒரு சிறு அட்டவணை வைத்து முதலில் எண்களாக மாற்றிவிடுங்கள். குழந்தை ஆடி மாதம் பிறந்தது என்று மட்டும் தாய் சொல்லியிருந்தால், அதை ஒரு தேதியாக்கி நிரப்ப வேண்டாம். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நெடுவரிசைகள் வைத்து, தெரியாததைக் காலியாக விட்டு, தாய் சொன்ன சொல்லை நான்காவது நெடுவரிசையில் வைப்பதே நேர்மையான பதிவு. தெரியாத நாளுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவைக்கும் பழக்கத்தால், வயதை மாதக் கணக்கில் பார்க்கும் ஊட்டச்சத்து ஆய்வுகள் கெட்டுப்போகின்றன.

நான்காம் படி: நேரமும் கால அளவும்

நேரம் மட்டும் உள்ள கட்டத்தை ரீட்எக்ஸ்எல் படித்தால் 1899 டிசம்பர் 31 காலை 9.30 என்பது போன்ற மதிப்பு வரும். முழு எண் பகுதி சுழியாக இருப்பதால் அப்படி வருகிறது. தேதியை நீக்கி நேரத்தை மட்டும் எடுத்து, உரிய தேதி நெடுவரிசையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் தங்கிய நேரம் 26 மணி 30 நிமிடம் என்பது போன்ற கால அளவுகள் இன்னும் ஏமாற்றுபவை. எக்செல் அதை 1.1041667 என்று வைத்திருக்கும். தேதியாகப் படித்தால் 1900 ஜனவரி 1, அதிகாலை 2.30 என்று வந்து, அதிலிருந்து நேரத்தை மட்டும் எடுத்தால் ஒரு முழு நாள் காணாமல் போகும். கால அளவைத் தேதியாகப் படிக்காமல் எண்ணாகப் படித்து 24ஆல் பெருக்கினால் 26.5 மணி என்று நேராகக் கிடைக்கும்.

9.30 என்பது 0.3958333 என்று முடிவில்லாமல் நீளும் பின்னம் என்பதால், மாற்றும்போது 9 மணி 29 நிமிடம் 59 நொடி என்று தெரிவது உண்டு. அருகிலுள்ள முழு நொடிக்குச் சுற்றிவிடுங்கள். ஸ்டேட்டா பயனர்கள் தேதியும் நேரமும் சேர்ந்த மாறியை டபுள் என்ற கூடுதல் துல்லியமுள்ள எண் வகையில்தான் வைக்க வேண்டும். அங்கே நேரம் 1960லிருந்து மில்லிநொடிகளாக எண்ணப்படுகிறது. இன்றைய தேதிகளுக்கு அந்த எண் இரண்டு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டதால், இயல்பான ஃபுளோட் வகையில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கிடையே 131 நொடி இடைவெளி விழுந்துவிடும்.

ஐந்தாம் படி: ஐந்தரை மணி நேரம்

எக்செல் கட்டத்தில் நேர மண்டலம் என்ற தகவலே கிடையாது. ஆனால் ஆர் அதைப் படித்தவுடன் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று முத்திரை குத்திவிடுகிறது. பதிவேட்டில் அதிகாலை 2.10 என்று எழுதியிருப்பது இந்திய நேரம். இதை இந்திய நேரத்துக்கு மாற்றுகிறேன் என்று வித்_டிஇசட் சார்பைப் பயன்படுத்தினால் கடிகாரம் 7.40க்கு நகர்ந்துவிடும். கடிகார நேரத்தை அப்படியே வைத்து மண்டலத்தின் பெயரை மட்டும் ஆசியா/கொல்கத்தா என்று மாற்றும் ஃபோர்ஸ்_டிஇசட் சார்புதான் இங்கே பொருத்தம்.

கைபேசிப் படிவங்களில் சேகரித்த தரவுக்கு இதற்கு நேர்மாறானது தேவைப்படும். கோபோ போன்ற கருவிகளில் படிவத்தைத் தொடங்கிய நேரத்தோடு +05:30 என்ற வால் ஒட்டியிருக்கும். சமர்ப்பித்த நேரமோ யூடிசியில் இருக்கும். அந்த இரண்டாவது நெடுவரிசையை உண்மையாகவே ஐந்தரை மணி நேரம் முன்னகர்த்த வேண்டும். செய்யாவிட்டால் நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையே நடந்தவை எல்லாம் முந்தைய நாளின் கணக்கில் சேரும். இரவுப் பிரசவங்களை நாள்வாரியாக எண்ணும் ஆய்வில் இது சிறிய பிழை அல்ல. நேரத்திலிருந்து தேதியை மட்டும் பிரிக்கும்போதும் எந்த மண்டலத்தின் தேதி என்பதை எப்போதும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மும்பையின் பழைய ஆவணங்களில் வேலை செய்வோருக்கு இரண்டு செய்திகள். 1896இல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக் நோயின் பதிவுகளை எக்செல்லில் ஏற்றினால், 1900க்கு முந்தைய தேதிகளை அது தேதியாக ஏற்காமல் உரையாகவே வைத்திருக்கும், பிந்தையவை எண்ணாகும். முழு நெடுவரிசையையும் தொடக்கத்திலிருந்தே உரையாக வைத்துப் புள்ளியியல் மென்பொருளில் மாற்றுவதே சரி. மேலும், இந்தியச் சீர்நேரம் 1906இல் வந்த பிறகும் இந்நகரம் அதைவிட 39 நிமிடம் பின்தங்கிய பம்பாய் நேரத்தை 1955 வரை கடைப்பிடித்தது. ஆசியா/கொல்கத்தா என்ற மண்டலம் இதை அறியாது. அக்கால நேரங்களை ஒப்பிடுமுன் கையால்தான் திருத்த வேண்டும்.

ஆறாம் படி: சரிபார்ப்பு

ஏற்றுவதற்கு முன் காலியாக இருந்த கட்டங்களின் எண்ணிக்கையையும் ஏற்றிய பின் காலியாக உள்ளவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ஒன்று கூடியிருந்தாலும் அந்த வரிசையைத் தேடிப் பாருங்கள். மிகச் சிறிய தேதியும் மிகப் பெரிய தேதியும் ஆய்வுக் காலத்துக்குள் இருக்கின்றனவா, அனுமதித்த தேதி வீடு திரும்பிய தேதிக்கு முந்தியதா, பிறப்பு எல்லாவற்றுக்கும் முந்தியதா என்பவை அடுத்த கேள்விகள். மாதத்தின் எந்த நாளில் எத்தனை பதிவுகள் என்று ஓர் அட்டவணை போட்டால், இடம் மாறிய தேதிகள் ஒரே நாளில் குவிந்திருப்பது தெரிந்துவிடும். மேலே சொன்ன ஏப்ரல் கோப்பில் அவை அனைத்தும் 4ஆம் நாளில் குவிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை கிழமை. ஞாயிறு விடுமுறையுள்ள கிளினிக்கின் வருகைகளைக் கிழமைவாரியாக எண்ணிப் பாருங்கள். 2024 ஏப்ரல் 8 திங்கள்கிழமை. அது இடம் மாறி ஆன ஆகஸ்ட் 4 ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தள்ளிப்போன தொடக்கப் பிழையும், 1904 பிழையும், நேர மண்டலப் பிழையும்கூட ஞாயிற்றுக்கிழமை வருகைகளாகத் தலைகாட்டும். இறுதியாக, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த இருபது முப்பது வரிசைகளையாவது காகிதப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அந்த வரிசைகளில் 12ஆம் தேதிக்கு முந்தையவை போதிய அளவு இருக்கட்டும்.

சேமிப்பது

திருத்திய தரவை வெளியே எழுதும்போது 2024-04-08 என்ற ஐஎஸ்ஓ 8601 எனும் பன்னாட்டுத் தர வடிவத்தில் எழுதுங்கள். நேரம் உண்டென்றால் 2024-04-08T09:30:00+05:30 என்று மண்டலத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாற்றப்பட்ட ஒவ்வொரு வரிசைக்கும் மூலத்தில் இருந்த உரையை ஒரு தனி நெடுவரிசையில் அப்படியே வைத்திருங்கள். கோப்போடு தரும் குறிப்பேட்டில் தேதியின் வடிவம், நேர மண்டலம், இரண்டிலக்க ஆண்டுக்குப் பின்பற்றிய விதி ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். பெறுபவர் அதை எக்செல்லில்தான் பார்ப்பார் என்றால், தரவு என்ற பட்டியிலுள்ள உரையிலிருந்து இறக்குமதி வழியாகச் சென்று, தேதி நெடுவரிசைகளுக்கு உரை என்ற வகையைத் தேர்ந்தெடுத்துத் திறக்கும்படி அதே குறிப்பேட்டின் முதல் வரியில் சொல்லிவிடுங்கள்.